ரசிகன் எழுந்து போகும் நேரம்

ஒரு பழைய பியானோவைப் பிரித்து, உள்ளே இருக்கும் கனத்த மந்தர ஸ்தாயித் தந்திகளின் மேல் வீட்டுச் சாவியை வைத்து நீளவாக்கில் இழுத்தால் ஒரு சத்தம் வரும். இரும்புக்கு மூச்சு வாங்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். 1963இல் பிபிசியின் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த பிரையன் ஹாட்ஜ்சன், தன் அம்மாவின் வீட்டுச் சாவியால் அப்படித்தான் இழுத்தார். அதை ஒலிநாடாவில் பதிந்து, பின்னோக்கி ஓடவிட்டு, எதிரொலி சேர்த்தார். ‘டாக்டர் ஹூ’ தொடரில் நாயகனின் காலப்பயணக் கலமான அந்த நீல போலீஸ் பெட்டி எங்கிருந்தோ வந்து இறங்கும்போது அறுபது ஆண்டுகளாக நாம் கேட்டுவருவது அந்தச் சாவியின் சத்தம்தான்.

முதல் தடவை கேட்டபோது எனக்குக் கை மயிர் குத்திட்டது. பிறகு நூறு தடவைக்கு மேல் கேட்டும் அது குறையவில்லை. ஒருநாள் அதே சத்தம் கேட்டது, உள்ளே ஒன்றும் ஆகவில்லை. பாதியில் எழுந்துபோய் அடுப்பில் பால் வைத்தேன். திரும்பி வந்தபோது எபிசோடு முடிந்திருந்தது. என்ன நடந்தது என்று பின்னால் ஓட்டிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. நெடுந்தொடர்களை நேசிப்பவர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு நாள் உண்டு. அந்த நாளைத் துரோகம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அது ரசனையின் கடைசிப் படி. நாக்கு இருப்பவனுக்குத்தான் பண்டம் ஊசிப்போனது தெரியும்.

இந்தத் தொடரைப் பற்றி அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1963 நவம்பர் 23, ஒரு சனிக்கிழமை மாலை, பிபிசியில் முதல் எபிசோடு ஒளிபரப்பானது. அதற்கு முந்தைய நாள்தான் கென்னடி சுடப்பட்டிருந்தார். அதனால் பலர் பார்க்கவில்லை என்று அடுத்த வாரம் அதையே மறுபடி போட்டுவிட்டு இரண்டாம் எபிசோடுக்குப் போனார்கள். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு வயது 27. இயக்குநர் வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர், இருபத்துநான்கே வயதுக்காரர். பிரிவினையை நெருங்கும் லக்னோவை நாவலாக எழுதிய அத்தியா ஹுசைனின் மகன். பெரும்பாலும் வெள்ளைக்கார ஆண்களே தலைமைப் பொறுப்பில் இருந்த ஒரு நிறுவனத்தில் ஓர் இளம்பெண்ணும் ஓர் இந்திய இளைஞரும் சேர்ந்து, பழங்காலத்து லைம் குரோவ் ஸ்டூடியோவில், காலத்தில் பயணம் செய்யும் ஒரு கிழவரின் கதையைத் தொடங்கினார்கள். அவருக்குப் பெயர் இல்லை. எந்த ஊர் என்று தெரியாது. டாக்டர் என்பார்கள். எந்த டாக்டர், யார் அவர் என்ற கேள்வியே தொடரின் தலைப்பு.

தலைப்பிசையைத் தனியாகச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. ரான் கிரைனர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்த மெட்டு அது. அதை டெலியா டெர்பிஷையர் உருவாக்கிய விதம் பொற்கொல்லர் வேலை. சின்தசைசர் கிடையாது. ஒரே ஒரு தந்தியை மீட்டிப் பதிவுசெய்தார். நாடாவின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் அந்த ஒற்றை மீட்டலிலிருந்து ஒவ்வொரு ஸ்வரமாக எடுத்தார். மேலே மிதக்கும் மெட்டுக்கு, கருவிகளைச் சோதிக்க வைத்திருந்த ஆசிலேட்டர்களைப் பயன்படுத்தினார். எல்லாவற்றையும் பிளேடால் நறுக்கி, அங்குல அங்குலமாக ஒட்டினார். பிறகு மூன்று நாடா இயந்திரங்களை ஒரே நொடியில் ஓடவிட்டுக் கலந்தார்கள். எங்கோ ஒரு ஸ்வரம் பிசகியது. எந்த ஒட்டில் பிழை என்று கண்டுபிடிக்க, நாடாக்களைக் கட்டடத்தின் தாழ்வாரம் முழுக்க நீட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கேட்டுவிட்டுக் கிரைனர் அசந்துபோனார். பாதிப் பெருமை டெலியாவுக்குப் போகவேண்டும் என்று கேட்டார். நிறுவனத்தின் விதிகள் இடம் தரவில்லை. திரையில் டெலியாவின் பெயர் வருவதற்கு 2013 ஆனது. அப்போது அவர் உயிரோடு இல்லை.

இப்படிக் கையால் செய்த ஒரு பொருள்தான் இத்தனை காலம் நின்றது. நின்றதற்கு இன்னொரு காரணம், தன் நாயகனையே இழக்கத் தெரிந்திருந்தது.

1966இல், டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னல் நோயாளியாகிவிட்டார், வசனம் நினைவில் நிற்கவில்லை. தொடரை மூட வேண்டியதுதான் என்று யாராவது சொல்லியிருந்தால் தவறில்லை. அவர்கள் செய்ததோ வேறு. அக்டோபர் 29 அன்று வந்த ‘டென்த் பிளானெட்’ கதையின் கடைசி நிமிடத்தில் கிழவர் தன் கலத்தின் தரையில் விழுகிறார். ஸ்டூடியோவின் விஷன் மிக்ஸரில் ஒரு பழுது இருந்தது. படத்தை வெளுக்கவைத்து எரித்துவிடும். ஷெர்லி கவர்ட் என்ற தொழில்நுட்பப் பெண்மணி அந்தப் பழுதையே பயன்படுத்திக்கொண்டார். கிழவரின் முகம் வெண்மையில் கரைந்து, அதே இடத்தில் அடுத்த டாக்டரான பேட்ரிக் ட்ரௌட்டனின் முகம் தெளிந்தது. இந்த எபிசோடு முழுதாக இன்று நம்மிடம் இல்லை. அந்தச் சில நொடிகள் மட்டும் தப்பின, 1973இல் ஒரு குழந்தைகள் நிகழ்ச்சியில் போட்டுக்காட்டியதால்.

அன்றுமுதல் ஒவ்வொரு தடவை முகம் மாறும்போதும் ஒரு கூட்டம் எழுந்துபோனது. இவர் என் டாக்டர் இல்லை என்றார்கள். இன்னொரு கூட்டம் வந்து உட்கார்ந்தது. வேறு எந்தத் தொடரும் தன் ரசிகர்களை இழப்பதை இவ்வளவு அழகாகக் கதைக்குள்ளேயே வைத்துக்கொண்டதில்லை.

எழுந்துபோகிறவர்கள் எல்லோரும் சரியான காரணத்துக்காகப் போனார்கள் என்று சொல்லமாட்டேன். 1976இல் ராபர்ட் ஹோம்ஸ் ‘டெட்லி அசாசின்’ எழுதினார். அதுவரை தேவர்களைப்போலக் காட்டப்பட்ட, டாக்டரின் இனத்தாரான டைம் லார்டுகளை, கழுத்துப்பட்டை மாட்டிய கிழட்டு அரசியல்வாதிகளாக, பதவிச் சண்டை போடுகிறவர்களாகக் காட்டினார். அப்போதுதான் உருவாகியிருந்த ரசிகர் சங்கத்தின் தலைவர் கொதித்துப்போய், தொடரின் மந்திரமே போயிற்று என்று விமர்சனம் எழுதினார். இன்று எடுத்துப் பார்த்தால் நான்கு எபிசோடும் கத்திமேல் நடக்கிறது. அந்தக் கதைக்கு இப்போது ரசிகர்கள் தரும் இடமே வேறு. புதியதைக் கண்டு முகம் சுளிப்பது ஒரு விலகல். அது ஆறிவிடும், பத்து ஆண்டில் அவர்களே திரும்பி வந்து கைதட்டுவார்கள். புதியது ஒன்றும் இல்லாமல் வருகிற விலகல் ஆறாது. 1980களில் வந்தது அதுதான்.

அந்தச் சரிவை எங்கே பார்க்கலாம் என்றால் 1984 மார்ச் மாதத்தில், ஒரே வாரத்தில் பார்க்கலாம். மார்ச் 16 அன்று ‘கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோசானி’ முடிந்தது. எழுதியவர் அதே ராபர்ட் ஹோம்ஸ். இயக்கியவர் கிரேம் ஹார்ப்பர். அந்நாளைய இயக்குநர்கள் மாடியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து மைக்கில் உத்தரவு போடுவார்கள். ஹார்ப்பர் கீழே இறங்கி நடிகர்களுக்குப் பக்கத்தில் நின்றார். காமிராக்களைத் தோளில் தூக்கவைத்தார். ஜான் நார்மிங்டன் என்ற நடிகர் ஒரு மேடைக்குறிப்பைத் தவறாகப் புரிந்துகொண்டு, தன் மனத்தில் ஓடுவதை நேராகக் காமிராவைப் பார்த்துப் பேசிவிட்டார். ஹார்ப்பர் நிறுத்தவில்லை, அப்படியே வைத்துக்கொண்டார். ஒரு பேராசைக்கார முதலாளி நம் கண்ணைப் பார்த்துச் சதி சொல்கிறான். பார்க்கிறவனுக்கு முதுகுத்தண்டு சில்லிடுகிறது.

கதை என்று பார்த்தால் மிகச் சிறியது. டாக்டரும் பெரி என்ற பெண்ணும் ஒரு குகையில் விஷப் பொருள் ஒன்றைத் தொட்டுவிடுகிறார்கள். உடம்பில் விஷம் ஏறுகிறது. அவளை அவருக்குச் சில நாளாகத்தான் தெரியும். அவள் பிழைக்கவேண்டும் என்பது தவிர அந்த நாலு எபிசோடில் அவருக்கு வேறு லட்சியம் இல்லை. உலகத்தைக் காப்பாற்றுகிற வேலை ஏதும் இல்லை. போர், பணம், பழி என்று சுற்றிலும் எல்லோரும் செத்து விழ, அவர் அவளைத் தூக்கிக்கொண்டு கொதிக்கும் சேற்றுக்கு நடுவே ஓடிவருகிறார். மருந்து, ஒரு வௌவால் இனத்தின் பால். பெட்டியின் வாசலில் சாவியைத் தேடுகிற பதற்றத்தில் ஒரு குப்பி மண்ணில் கொட்டிவிடுகிறது. மிச்சம் ஒருவருக்குத்தான். அவளுக்குக் கொடுத்துவிட்டு அவர் படுத்துவிடுகிறார். டாக்டராக நடித்த பீட்டர் டேவிசன் அந்தக் கணத்தில் அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. களைத்த மனிதன் ஒருவன் வேலையை முடித்துவிட்டுத் தரையில் சாய்வதுபோல் சாய்கிறார். அந்தப் பால் கொட்டும் இடத்தை நான் எத்தனை முறை பார்த்தாலும் கையை நீட்டிப் பிடிக்கத் தோன்றுகிறது.

ஆறு நாள் கழித்து, மார்ச் 22 அன்று, காலின் பேக்கர் புதிய டாக்டராக ‘ட்வின் டிலெமா’ கதையில் வந்தார். பல நிறத் துண்டுகளை ஒட்டிய கோட்டு. ரசனைக் கேடாக இருக்கவேண்டும் என்று கேட்டு வாங்கிய கோட்டு அது. முதல் எபிசோடிலேயே, எந்தப் பெண்ணுக்காக உயிரை விட்டாரோ அதே பெரியின் கழுத்தை நெரிக்கிறார். முதலில் வெறுக்கவைத்து மெல்ல மெல்ல நெருங்கவைப்பது திட்டம். காலின் பேக்கர் நல்ல நடிகர், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் கதையோடு சீசன் முடிந்தது. அடுத்த ஜனவரிவரை ஒன்பது மாதம், நெரித்த கைகளோடு ரசிகனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 2009இல் டாக்டர் ஹூ பத்திரிகை அதுவரை வந்த 200 கதைகளுக்கு வாசகர் வாக்கெடுப்பு நடத்தியது. முதலிடம் ‘ஆண்ட்ரோசானி’. இருநூறாவது இடம் ‘ட்வின் டிலெமா’. சிகரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு வாரம்கூட இல்லை.

1985 ஜனவரியில் தொடர் திரும்பியது, ‘அட்டாக் ஆஃப் தி சைபர்மென்’. முதல் பகுதியை 89 லட்சம் பேர் பார்த்தார்கள். உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு என்ன பரிமாறப்பட்டது? 1966 ‘டென்த் பிளானெட்’டின் தொடர்ச்சி, 1967 ‘டூம் ஆஃப் தி சைபர்மென்’னின் தொடர்ச்சி. பதினெட்டு ஆண்டுக்கு முந்தைய கதை தெரியாவிட்டால் பாதி விளங்காது. அந்த 1967 கதையைப் பார்க்கலாம் என்றால் பிபிசியிடமே பிரதி இல்லை. அழித்துவிட்டிருந்தார்கள். 1991 முடியும் தறுவாயில்தான் ஹாங்காங்கில் ஒரு பிரதி கிடைத்தது. இல்லாத ஒரு படத்துக்கு அடிக்குறிப்பு எழுதினார்கள், அதை லட்சக் கணக்கானவர்களுக்குச் சனிக்கிழமை மாலை விருந்தாக வைத்தார்கள்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்வது நியாயம். தொலைந்த கதைகளைக் காப்பாற்றியவர்களும் ரசிகர்களே. 1960களின் எபிசோடுகளில் தொண்ணூற்றுச் சொச்சம் இன்றும் படமாகக் கிடையாது. ஆனால் ஒவ்வொன்றின் ஒலியும் இருக்கிறது. வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டியின் ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கை வைத்து, யாரும் பேசாதீர்கள் என்று வீட்டாரை அடக்கிவைத்து, சிறுவர்கள் பதிவுசெய்த நாடாக்கள் அவை. இவ்வளவு பெரிய அன்பை யார் குறைசொல்வார்கள்? அந்த அன்பு கூடத்தில் உட்கார்ந்திருக்கும்வரை தொடருக்கு உரம். எழுத்தாளரின் மேசைக்கு ஏறியதும் தொடர் தன் பழைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கிவிடுகிறது.

பிறகு நடந்தது சுருக்கமான கதை. 1985 பிப்ரவரியில் பிபிசி-1 தலைவர் மைக்கேல் கிரேட் தொடரை 18 மாதம் நிறுத்திவைத்தார். 1986 செப்டம்பரில் திரும்பியபோது 49 லட்சம் பேர். அடுத்த ஆண்டு எதிர் அலைவரிசையின் பிரபலத் தொடரான ‘கொரனேஷன் ஸ்ட்ரீட்’ ஓடும் நேரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். 1989இல் ஒரு வாரம் எண்ணிக்கை 31 லட்சத்துக்கு இறங்கியது. அந்த டிசம்பர் 6 அன்று கடைசி எபிசோடு. நிறுத்திவிட்டோம் என்று வெளிப்படையாக அறிவிக்கக்கூட இல்லை. அடுத்த ஆண்டு வரவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. கடைசி இரண்டு ஆண்டும் தொடர் மறுபடி நன்றாக இருந்தது. கதைப்பிரிவைக் கவனித்த ஆண்ட்ரு கார்ட்மெல், இந்த மனிதரைப் பற்றி நமக்கு அளவுக்கு அதிகமாகத் தெரிந்துவிட்டது, கொஞ்சம் இருட்டைத் திரும்பக் கொடுப்போம் என்று நினைத்தார். சில்வெஸ்டர் மெக்காய் டாக்டராக நடித்த ‘கர்ஸ் ஆஃப் ஃபென்ரிக்’ அந்த இருட்டில் விளைந்தது. மருந்து சரியானது. வீட்டில் ஆள் இல்லை.

2005 மார்ச் 26 அன்று தொடரை உயிர்ப்பித்த ரஸ்ஸல் டி டேவிஸ், பழைய கதைகளை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ரசிகர். அவர் செய்த முதல் காரியம், டாக்டரின் கிரகத்தையே ஒரு போரில் அழித்துவிட்டதாகச் சொன்னது. பழைய கணக்குப் புத்தகம் அதோடு சாம்பலானது. துணிக்கடையில் வேலை பார்க்கும் ரோஸ் என்ற பெண்ணின் கண்ணால் எல்லாவற்றையும் புதிதாகப் பார்க்கவைத்தார். டாக்டரின் ஊர்ப் பெயர் கேலிஃப்ரே என்று ரசிகர் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரை 2006 கிறிஸ்துமஸ்வரை அவர் உச்சரிக்கவிடவில்லை. நாவின் நுனியில் இருப்பதை ஏறக்குறைய இருபத்தொரு மாதம் சொல்லாமல் இருப்பது என்ன கட்டுப்பாடு! அந்தக் கட்டுப்பாட்டுக்குத்தான் ஒரு கோடிப் பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

1986 டிசம்பருக்கு ஒருமுறை திரும்பவேண்டும். நேயர்களின் கருத்தைக் கேட்கும் ‘ஓப்பன் ஏர்’ நிகழ்ச்சியில் சில இளம் ரசிகர்களை உட்காரவைத்தார்கள். அந்த ஆண்டுக் கதைகளில் சிலவற்றை எழுதிய பிப், ஜேன் பேக்கர் தம்பதியும் இருந்தார்கள். ஒரு பதினாறு வயதுப் பையன், அரைத்த மாவையே அரைக்கிறீர்கள், தாழ்வாரத்தில் மேலும் கீழும் ஓடுவதும் அசட்டு அரக்கர்களுமாக இருக்கிறது என்கிற பொருளில் பேசினான். பையன் பெயர் கிறிஸ் சிப்னல். 2018இல் அவரே தொடரின் தலைமை எழுத்தாளர் ஆனார். ஜோடி விட்டேக்கரை முதல் பெண் டாக்டராக்கினார். முதல் எபிசோடை ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் பேர் பார்த்தார்கள். 2020 மார்ச் 1 அன்று ‘டைம்லெஸ் சில்ட்ரன்’ வந்தபோது 47 லட்சம். அந்த எபிசோடில்தான் தலைப்பில் இருந்த கேள்விக்கு விடை சொன்னார். டாக்டர் எங்கிருந்தோ வந்த ஓர் அநாதைக் குழந்தை, ஹார்ட்னலுக்கு முன்பும் எத்தனையோ முகங்கள் உண்டு என்றார். 1976 கதை ஒன்றில் சில நொடி வந்துபோன முகங்களுக்கெல்லாம் அதில் கணக்குத் தீர்ந்தது. நான் பால் வைக்க எழுந்துபோன இரவு அதுதான்.

டாக்டர் பெண்ணானதால் ரசிகர்கள் போனார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நான் ஏற்கவில்லை. பெண் டாக்டரைப் பார்க்கக் கூட்டம் வந்தது, அந்த 1 கோடியே 10 லட்சம் அதற்குச் சாட்சி. விடை சொன்னதுதான் கெடுத்தது. யார் அவர் என்று தெரியாதவரைதான் அவர் நம் வீட்டு வாசலில் வந்து நிற்கக்கூடியவர். 2023இல் டேவிஸ் திரும்பி வந்தபோதும், தான் எரித்த புத்தகத்தைத் தானே திறந்தார். 2024இல் 1975ஆம் ஆண்டின் வில்லன் சூடெக், 2025இல் 1973ஆம் ஆண்டின் வில்லன் ஒமேகா. ந்சூட்டி கட்வா என்ற துள்ளும் நடிகர் டாக்டராகக் கையில் இருந்தும் 2025 மே 31 அன்று அவருடைய கதை முடிந்து, மாறிய முகம் ரோஸாக நடித்த பில்லி பைப்பருடையதாக இருந்தது. உடன் முதலீடு செய்த டிஸ்னி அந்த ஆண்டே விலகியது.

இவ்வளவு சொன்ன பிறகும், விட்டுவிட்டவர்களிடம் ஒன்று கேட்க இருக்கிறது. சிப்னல் காலத்தில், 2018 நவம்பர் 11 அன்று ‘டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்’ வந்தது. வினய் பட்டேல் எழுதியது. யாஸ் என்ற பெண் தன் பாட்டியின் இளமையைப் பார்க்க ஆசைப்பட்டு டாக்டரோடு 1947 ஆகஸ்டுக்குப் போகிறாள். எல்லைக்கோடு அறிவிக்கப்படும் நாள். அந்தப் பாட்டியான முஸ்லிம் பெண் உம்ப்ரீனுக்கும் இந்து இளைஞன் பிரேமுக்கும் கல்யாணம். வேற்றுக்கிரகத்தார் இருவர் காட்டில் நிற்கிறார்கள். கொலைகாரர்கள் என்று நினைக்கிறோம். அவர்கள் வந்ததோ, யாரும் அருகில் இல்லாமல் சாகிறவர்களுக்குச் சாட்சியாக நிற்க. பிரேமைக் கொல்லவருவது அவன் சொந்தத் தம்பி கூட்டிவரும் கும்பல். டாக்டரால் தடுக்க முடியாது. திரும்பி நடக்கிறார், முதுகுக்குப் பின்னால் துப்பாக்கி வெடிக்கிறது. முடிவில் பெயர்கள் ஓடும்போது தொடரின் அந்த மெட்டு பஞ்சாபிக் குரலில் வருகிறது. லக்னோவில் பிறந்த ஒருவர் முதல் எபிசோடை இயக்கிய தொடர், ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து அவர் பிறந்த மண்ணின் காயத்தருகே வந்து நின்றது.

முதல் தடவை இதை நான் அரைமனதாகப் பார்த்துவிட்டேன். மறுபடி பார்த்தபோது அசையவில்லை. விட்டுப்போனவர்களும் பார்க்கலாம், டாக்டர் ஹூ என்ற பெயரை இன்றுதான் கேள்விப்படுகிறவர்களும் பார்க்கலாம். ஐம்பது நிமிடம். முன்கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.